கம்பெனி மெஷினா, காப்பி மெஷினா?

குஷன் வேலை பழகுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் சொந்த மெஷின் ஆசை வந்துவிடும். ஆசையோடு கூடவே ஒரு கேள்வியும் வரும். ஜூக்கி, டர்கோப் அட்லர், ஃபாஃப் என்று பேர் போன கம்பெனி மெஷின் வாங்குவதா? அல்லது பார்ப்பதற்கு அச்சு அசலாக அப்படியே இருந்தும் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிற காப்பி மெஷின் போதுமா? மெல்பர்னின் தென்கிழக்கில், டாண்டினாங் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் நான் வேலை பழகுகிறேன். சோபா, உணவகப் பெஞ்சு, கேரவன் மெத்தை, படகு மேலுறை, பழைய கார் சீட் எல்லாம் அங்கே வரும். கம்பெனி மெஷினும் இருக்கிறது, காப்பி மெஷினும் இருக்கிறது. இரண்டிலும் உட்கார்ந்து தைத்தவள், இரண்டையும் கழற்றிப் பூட்டியவள் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

சொந்த ஊர் திருப்பூர். அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனியில்தான் இருந்தார்கள். ஓவர்லாக், பேட்லாக் சத்தத்தில் வளர்ந்த பிள்ளை நான். யமாட்டோ, பெகாசஸ், ஜூக்கி, தைவானின் சிருபா, இப்போது சீனாவின் ஜாக் என்று எல்லாப் பேரும் எங்கள் தெருவில் புழங்கும். அங்கே இந்தக் கேள்விக்கு அவ்வளவு கனம் கிடையாது. மெஷின் நின்றால் ஒரு போன் போதும், டீ குடித்து முடிப்பதற்குள் மெக்கானிக் வண்டியில் வந்து இறங்குவார். பாபின் கேஸ், சட்டில், ஸ்பிரிங், பெல்ட் எதுவானாலும் பக்கத்துத் தெருவிலேயே கடை இருக்கும். காப்பி மெஷினாகவே இருக்கட்டும், அதன் குறையைச் சரிசெய்யத் தெரிந்த கைகள் ஊர் முழுக்க உண்டு. மெல்பர்னில் அந்தக் கைகள் வெகு குறைவு. வாங்குகிற முடிவையே மாற்றுகிற விஷயம் இது. விலைப்பட்டியலில் இதைப் பார்க்க முடியாது.

ஏன் குறைந்தன என்று எனக்கு வேலை சொல்லித் தருகிற அண்ணாவிடம்தான் தெரிந்துகொண்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் இங்கே வந்து, கார் சீட் தைக்கிற தொழிற்சாலை ஒன்றில் பல வருடம் இருந்துவிட்டுப் பிறகு பட்டறை போட்டவர். மெல்பர்ன் நகரின் ஃபிளின்டர்ஸ் லேன் ஒரு காலத்தில் முழுக்கத் துணி வியாபாரமும் தையல் கூடமுமாக இருந்த தெரு. 1973-இல் பிரதமர் விட்லமின் அரசு இறக்குமதி வரியை ஒரேயடியாக 25 சதவீதம் குறைத்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வரி இன்னும் இறங்கியது. தையல் கூடங்கள் ஒவ்வொன்றாக மூடின. மிச்சம் இருந்தது கார்த் தொழில். 2016 அக்டோபரில் ஃபோர்டு பிராட்மெடோஸ் ஆலையை மூடியது. அடுத்த அக்டோபரில் டொயோட்டா ஆல்டோனா ஆலையை மூடியது, அதே மாதம் அடிலெய்டில் ஹோல்டனும் மூடியது. இவற்றை நம்பி சீட் தைத்த, உறை தைத்த சின்னக் கம்பெனிகளும் கூடவே போயின. கூடங்கள் போனபோது அங்கே மெஷின் பார்த்த மெக்கானிக்குகளும் ஓய்வு பெற்றார்கள், புதிதாகப் பழக ஆள் வரவில்லை. "மெஷின் விக்கிற கடை இப்பவும் கிடக்கு பிள்ளை, மெஷினைத் திறந்து பாக்கத் தெரிஞ்ச ஆள்தான் இல்லை" என்பார் அண்ணா.

அதனால் அவரிடம் வேலை பழகுவது என்றால் முதலில் மெஷின் பழகுவது. துணி வெட்டுவதும் பைப்பிங் வைப்பதும் பிறகுதான்.

எங்கள் வேலைக்குச் சாதாரண நேர்தையல் மெஷின் ஆகாது. திருப்பூரில் சிங்கர் என்றே பொதுவாகச் சொல்கிற அந்த வகையில், ஜூக்கி டிடிஎல் 8700 உலகம் முழுக்கப் பேர் பெற்றது. நிமிடத்துக்கு 5,500 தையல் வரை ஓடும். சட்டைக்கும் ரவிக்கைக்கும் அருமையான மெஷின். ஆனால் அதில் துணியை நகர்த்துவது கீழே இருக்கிற பல் மட்டும்தான். ரெக்சின், தோல், கான்வாஸ் என்று இரண்டு மூன்று அடுக்கு வைத்தால் கீழ் அடுக்கு நகரும், மேல் அடுக்கு தயங்கி நிற்கும். தைத்து முடிக்கும்போது ஒரு விரல் அளவு வித்தியாசம் வந்துவிடும். வாக்கிங் ஃபுட் மெஷினில் கீழ்ப்பல், ஊசி, மேலிருந்து அழுத்துகிற உள் ஃபுட் மூன்றும் ஒன்றாக நகரும். வெளி ஃபுட் பிடித்துக்கொள்ள, உள் ஃபுட் அடியெடுத்து வைக்கும். இப்படி மாறி மாறி நடப்பதால் எட்டு அடுக்கு சேருகிற மூலையிலும் துணி வழுக்காது. வேகம் குறைவு, அது தேவையும் இல்லை. பட்டறையில் நான் பார்த்த காப்பிகள் எல்லாம் இந்த வகை மெஷினுக்குத்தான்.

காப்பி என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தையல் மெஷினின் வரலாறே காப்பியின் வரலாறுதான். ஐசக் சிங்கர் 1851-இல் காப்புரிமை வாங்கினார். 1856-இல் அவரும் எலியாஸ் ஹோவும் வேறு இரண்டு கம்பெனிகளும் தங்கள் உரிமைகளை ஒன்றாகச் சேர்த்துப் பூட்டி வைத்தார்கள். அந்தப் பூட்டு 1877-இல் காலாவதி ஆனது. ஐரோப்பாவிலும் சிங்கர் மாதிரியே செய்து விற்றவர்கள் ஏராளம். இலங்கையில் சிங்கர் கடை திறந்ததும் அதே 1877-இல்தான். நம் வீடுகளில் இருந்த உஷாவும், லூதியானாவிலிருந்து வந்த எத்தனையோ பேர்களும் அந்தப் பழைய சிங்கர் வடிவத்தின் வழிவந்தவையே. போருக்குப் பிந்தைய ஜப்பான் என்ன செய்தது? சிங்கரின் 15-ஆம் வகையை வைத்து ஒரு பொது வடிவம் வகுத்து, பல கம்பெனிகளும் அதையே செய்தன. 1938-இல் ஆயுதம் செய்ய டோக்கியோவில் தொடங்கிய ஜூக்கி, தையல் மெஷினுக்கு மாறியது அந்தப் போருக்குப் பிறகுதான். இன்று நாம் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிற ஜப்பானிய மெஷின்களுக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. இன்னும் ஒன்று: ஜெர்மனியின் டர்கோப் அட்லரை 2005-இலும், ஃபாஃப் நிறுவனத்தின் தொழிற்சாலை மெஷின் பிரிவை 2013-இலும் வாங்கியது ஷாங்காயின் ஷாங்கோங் கம்பெனி. ஜூக்கிக்கும் சீனாவில் ஆலைகள் உண்டு. ஆகவே சீனாவில் செய்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மெஷினை ஒதுக்குவதில் அர்த்தம் இல்லை. வார்ப்பு எப்படி, இரும்பு எப்படி, ஆலையை விட்டுக் கிளம்புமுன் யாராவது அதில் தைத்துப் பார்த்தார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது பட்டறைக்கு வந்த ஒரு புது காப்பி மெஷினில். பெட்டியைப் பிரித்ததும் தைக்கலாம் என்று நான் நூலை எடுத்தேன். அண்ணா கையமர்த்தினார். "பிள்ளை, முதல் கையால சுத்து. சத்தத்தைக் கேள்." பெல்ட்டைக் கழற்றிவிட்டு வீலை மெதுவாகச் சுற்றச் சொன்னார். ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் லேசாக இறுகியது. தலையைப் பின்னால் சாய்த்தோம். அடியில் எண்ணெயோடு மினுமினுவென்று இரும்புத் தூள். முழுவதும் துடைத்து, மண்ணெண்ணெயில் கழுவி, புது எண்ணெய் விட்டோம். பிறகு ஒவ்வொரு ஸ்க்ரூவாக இறுக்கிப் பார்க்கச் சொன்னார். சில இடங்களில் தளர்வாக இருந்தது. ஒரு ஸ்க்ரூவின் தலை மென்மையான இரும்பு, சற்று அழுத்தியதுமே காடி மழுங்கியது. அதை அங்கேயே மாற்றினோம். நூல் போகிற வழியில் ஒவ்வொரு துளையிலும் ஒரு மெல்லிய பட்டு நூலை விட்டு இழுத்துப் பார்த்தார். ஓரிடத்தில் நூல் பிசிறியது. துளையின் விளிம்பு மழுக்கப்படாமல் கூராக இருந்ததுதான் காரணம். மிக நைசான எமரி நூலைக் கோர்த்து முன்னும் பின்னும் இழுத்து வழுவழுப்பாக்கினோம். கம்பெனி மெஷினில் இந்த வேலையெல்லாம் ஆலையிலேயே ஒருவர் செய்து முடித்திருப்பார். அவருடைய கூலியும் நாம் கொடுக்கிற விலையில் சேர்ந்திருக்கிறது. காப்பியில் அந்தக் கூலி மிச்சம், வேலை நம் தலையில்.

அதற்குப் பிறகு டைமிங். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது தெரிந்தால் எந்த மெஷினுக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஊசி அடிமட்டத்துக்குப் போய், அங்கிருந்து சுமார் 2 மி.மீ. மேலேறும்போது அதன் பின்பக்கம் நூல் சின்ன வளையமாகப் பிதுங்கும். சரியாக அந்த நேரம் சட்டிலின் மூக்கு வந்து, ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே அந்த வளையத்தைக் கொத்திக்கொண்டு போக வேண்டும். மூக்குக்கும் ஊசிக்கும் நடுவே 0.1 மி.மீ.க்கும் குறைவான சந்து. ஒட்டினால் மூக்கு தேயும், விலகினால் தையல் விடும். அண்ணா ஊசித் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்து, என்னையே வீலைச் சுற்றவிட்டுப் பார்க்கச் சொன்னார். சட்டில் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஒரு மயிரிழை திருப்பி, மறுபடி இறுக்கினேன். இறுக்கும்போதே அது நகரும், அதற்கும் கணக்கு வைத்துத் திருப்ப வேண்டும். கை பழகுகிறவரை இது மனசுக்குப் பிடிபடாது. மூக்கின் நுனியை நகத்தால் தடவிப் பார்ப்பதும் அப்போது கற்றதுதான். நகம் எங்காவது மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. தடித்த நூலைப் பஞ்சாக்குவதற்கு அந்தப் பிசிறு ஒன்றே போதும்.

நல்ல வாக்கிங் ஃபுட் மெஷின்களில் ஒரு பாதுகாப்பு கிளட்ச் உண்டு. நூல் சிக்கிச் சட்டில் இறுகிவிட்டால் கிளட்ச் விடுபட்டு நின்றுவிடும், சட்டில் உடையாது. பொத்தானை அழுத்திக்கொண்டு வீலைப் பலமாகச் சுற்றினால் மறுபடி மாட்டிக்கொள்ளும். காப்பிகளிலும் இது இருக்கிறது. ஆனால் சிலவற்றில் ஒழுங்காக விடுபடாமலும், சிலவற்றில் சும்மா சும்மா விடுபட்டும் தொல்லை கொடுக்கும். வாங்குகிற கடையில் இதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். செய்துகாட்டத் தெரியாதவர் அந்த மெஷினை ஒருநாளும் திறந்து பார்த்தவர் இல்லை.

இன்னொரு சோதனை, அண்ணா எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைப்பது. கெட்டித் தையலுக்கு ரிவர்ஸ் போடும்போது ஊசி அதே துளைகளில் இறங்குகிறதா? முன்னால் போகும்போது 6 மி.மீ. வைத்தால் பின்னால் வரும்போதும் 6 மி.மீ. வரவேண்டும். கம்பெனி மெஷின் அப்படியே வரும். காப்பியில் பெரும்பாலும் கொஞ்சம் குறையும். தோலில் இது பளிச்சென்று தெரியும். தோலில் விழுந்த துளையை அழிக்கவே முடியாது. பல காப்பிகளில் உள்ளே ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தி இதைச் சரிசெய்ய முடிகிறது. முடியாதவற்றை அண்ணா பட்டறைக்குள்ளேயே விடமாட்டார்.

அப்படிக் கழுவி, இறுக்கி, டைமிங் வைத்த பிறகு அந்தக் காப்பி மெஷின் எப்படித் தைத்தது? நன்றாகவே. 22-ஆம் நம்பர் ஊசி, எம் 20 பாண்டட் நூல், கேரவன் மெத்தையின் பைப்பிங் மூலை, எல்லாவற்றையும் தாண்டியது. தைத்த இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்தால் எது எதில் தைத்தது என்று வாடிக்கையாளர் கண்டுபிடிக்க மாட்டார். நாளெல்லாம் ஓட்டினால்தான் வித்தியாசம் தெரிகிறது. கம்பெனி மெஷினில் காலையில் வைத்த டென்ஷன் மாலைவரை நிற்கும். காப்பியில் இடையிடையே திருக வேண்டியிருக்கிறது. சத்தமும் அதிர்வும் கூடுதல். தோள்பட்டை அதைச் சொல்லும். வயிற்றுப்பாட்டுக்கு நாள் முழுக்கத் தைக்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மோட்டாரைப் பற்றிச் சொல்லாமல் மெஷின் வாங்கச் சொல்லக் கூடாது. மூடிய தொழிற்சாலைகளிலிருந்து ஏலத்துக்கு வரும் பழைய ஜப்பானிய, ஜெர்மன் மெஷின்கள் சில சமயம் புதுக் காப்பியின் விலைக்கே கிடைக்கும். தலை அருமையாக இருக்கும், ஆனால் அடியில் இருப்பது பெரும்பாலும் 415 வோல்ட் மூன்று ஃபேஸ் மோட்டார். வீட்டுக் கராஜில் ஒற்றை ஃபேஸ்தான். பழைய கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் உறுமிக்கொண்டே இருக்கும், காலை வைத்தால் பாய்ந்து ஓடும். புதிதாகப் பழகுகிறவருக்கு அது ஆபத்து. சர்வோ மோட்டார் மாற்றிவிட்டால் இரண்டு சிக்கலும் தீரும். காலை வைத்தால்தான் ஓடும், வேகத்தையும் திருகிக் குறைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு தையலாக நகர்த்தி மூலை திருப்பலாம். ஆஸ்திரேலியாவின் ஆர்சிஎம் முத்திரை அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். என் கருத்தில் பழைய நல்ல தலையும் புது சர்வோவும் சேர்ந்ததைவிடச் சிறந்த சேர்க்கை இந்த ஊரில் இல்லை, தலையைப் பார்த்துச் சொல்ல ஒருவர் கூட இருந்தால்.

கூட யாரும் இல்லாதவர்கள்? அவர்களுக்குத்தான் வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைக்கிற ஆசை அதிகம். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா அப்படி ஒன்றை இறக்கினார். ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட சரக்கு என்பதால் இறக்குமதி அறிவிப்பு, ஜிஎஸ்டி, ஏஜென்ட் கட்டணம், மரப்பெட்டிக்குத் தொற்றுத்தடுப்புச் சோதனை எல்லாம் சேர்ந்து மிச்சம் பிடித்த பணத்தில் நல்ல பங்கு போய்விட்டது. மெஷினில் எழுதியிருந்த பேருக்கு இங்கே ஏஜென்ட் கிடையாது. ஒரே ஆலையில் வார்த்த தலைக்கு வாங்குகிறவர் கேட்கிற பேரை ஒட்டி அனுப்புவது இந்தத் தொழிலில் சகஜம், அதனால் பேரை வைத்து உதிரிப்பாகம் தேட முடியாது. மேசையில் மேலுறை பாதி தைத்தபடி கிடக்க, அந்த அக்கா எங்கள் பட்டறைக்கு வந்து நின்ற முகம் எனக்கு மறக்காது. "உந்த மெஷினை வாங்கேக்கை ஆரிட்டையும் ஒரு சொல்லு கேட்டிருக்கலாமே பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு, அண்ணா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதை ஓடவைத்தார்.

இங்கேயே இருக்கிற கடையில் வாங்கினால் காப்பி மெஷினுக்கும் சட்டம் துணை நிற்கும். 2011 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிற ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம், 2021 ஜூலையிலிருந்து ஒரு லட்சம் டாலர் வரையான பொருள்களுக்குப் பொருந்துகிறது. தொழிலுக்கு வாங்கினாலும், மறுபடி விற்பதற்காக வாங்காதவரை, நீங்கள் நுகர்வோர்தான். பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். கிடைக்காது என்று வாங்கும்போதே எழுத்தில் தெரிவித்திருந்தால் தவிர, நியாயமான காலத்துக்கு உதிரிப்பாகமும் ரிப்பேர் வசதியும் கிடைக்க வேண்டும். செய்தவர் இந்த நாட்டில் இல்லையென்றால் இறக்குமதி செய்தவரே அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

சிட்னியில் பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் பக்கம் ரவிக்கை, பாவாடை, ஆல்டரேஷன் என்று வீட்டில் தைக்கிற நம் பெண்கள் பலர் என்னிடம் வாக்கிங் ஃபுட் மெஷின் பற்றிக் கேட்கிறார்கள். உங்களுக்கு அது வேண்டாம். சாதாரண நேர்தையல் மெஷின் போதும். அதில் காப்பிக்கும் கம்பெனிக்கும் உள்ள தூரம் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது, சர்வோ உள்ளேயே பொருத்திய சீன மெஷின்கள் நன்றாகவே உழைக்கின்றன. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். சொந்தமாக மெஷின் வாங்கினால் வீட்டுக்கே துணி தருகிறோம், பீஸ் கணக்கில் காசு என்று யாராவது வந்தால் கடன் வாங்கி மெஷின் வாங்கிவிடாதீர்கள். இந்த நாட்டில் வீட்டிலிருந்து உடை தைத்துக் கொடுக்கிற பெண்கள் பல பத்தாண்டுகளாகச் சுரண்டப்பட்டிருக்கிறார்கள். தொழிற்சங்கமும் தொண்டு அமைப்புகளும் போராடித்தான் 2012-இல் ஃபேர் வொர்க் சட்டம் திருத்தப்பட்டது. ஒப்பந்தத்தின் பேரில் தைக்கிறவரையும் பெரும்பாலான விஷயங்களில் ஊழியராகவே அது கருதுகிறது. குறைந்தபட்சக் கூலி உங்களுக்கும் உண்டு. மெஷின் விலையைப் பேசுமுன் இதைப் பேசுங்கள்.

என் கணக்குக்கு வருகிறேன். நான் காப்பி மெஷின்தான் வாங்கினேன். உள்ளூர்க் கடையில், சொந்தமாக மெக்கானிக் வைத்திருக்கிறவரிடம். சட்டிலையும் பாபின் கேஸையும் மட்டும் ஜப்பானிய ஹிரோசே பாகங்களாக மாற்றிக்கொண்டேன். வார இறுதியில் சில மணி நேரம் தைக்கிறவளுக்கு அது தாராளம், கழற்றிப் பழகவும் அது வசதி. பட்டறை வைத்து நாள் முழுக்கத் தைக்கும் காலம் வந்தால் பழைய ஜப்பானியத் தலை ஒன்றைத் தேடிப் பிடிப்பேன், அல்லது காசு சேர்த்துப் புது கம்பெனி மெஷின் எடுப்பேன். அப்போது காப்பியை விற்க மாட்டேன், இரண்டாவது மெஷினாக வைத்துக்கொள்வேன்.

வாங்கக் கிளம்புகிறவர்கள் உங்கள் வேலையிலேயே மிகத் தடித்த துண்டையும், நீங்கள் போடுகிற நூலையும் கையோடு கொண்டு போங்கள். கடைக்காரர் தைத்துக் காட்டினால் போதாது, நீங்களே உட்கார்ந்து தையுங்கள். அதற்கும் முன்னால் உங்கள் பகுதியில் தொழிற்சாலை மெஷின் பார்க்கிற ஒரு மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து, எந்த மெஷினுக்குத் தன்னால் பாகம் வாங்க முடியும் என்று கேளுங்கள். அவர் சொல்கிற மெஷின்களுக்குள் உங்கள் காசுக்கு எது வருகிறதோ அதை வாங்குங்கள்.